காய்ந்த சரிவும் பக்கத்துப் பண்ணைச் சோளமும்

கால்நடைத் தீவன ஆலோசனை வேலைக்கு இந்த ஆண்டு நம் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. நான் சேர்ந்த காலத்தில் பண்ணை முற்றத்தில் காரை நிறுத்தினால், "கொட்டில் கூட்ட வந்தவரோ?" என்று கேட்டார்கள். இந்தச் சுவிஸ் நாட்டிலேயே பிறந்து, அவர்களுடைய பேச்சை அவர்களைப் போலவே பேசும் உங்களிடம் அப்படிக் கேட்க மாட்டார்கள். உங்களிடம் வேறொன்றைக் கேட்பார்கள். புல் மேயும் மாடு நல்லதா, கொட்டிலில் சோளமும் சோயாவும் தின்று வளரும் மாடு நல்லதா? பண்ணைக்காரர் கேட்பார், வங்கிக்காரர் கேட்பார், கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிடுபவரும் கேட்பார். எல்லோருக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டும்.

தீவனம் கலக்கிறது, புல் அளக்கிறது எல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. ஒரு பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் என்னை மிகவும் அலைக்கழித்த பண்ணை அது.

சூக் ஏரிக்கு மேலே ஒரு சரிவு. உர்ஸ், மோனிக்கா என்று கணவன் மனைவி. உர்ஸ் பால்பண்ணைகளில் இருந்து காளைக்கன்றுகளை வாங்கிக் கொட்டிலில் வளர்த்து இறைச்சிக்கு விற்றார். வீதியோரச் சமநிலத்தில் சோளம் விதைத்து, அதை வெட்டிப் புளிக்கவைத்துக் கொடுப்பார். கூடவே கடல் கடந்து வரும் சோயாப் பிண்ணாக்கு. காளைகள் வெளிச்சரிவில் கால் வைத்ததே இல்லை. மோனிக்கா வாரத்தில் பாதி நாள் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி, மீதி நாள் பண்ணை. கொட்டில் பழுதாகிவிட்டது. இடித்துக் கட்ட வேண்டும், அதற்குக் கடன் எடுக்க வேண்டும். கட்டுவது காளைகளுக்கா, அல்லது கன்றோடு மேயும் தாய்மாடுகளுக்கா என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் பேசியது சுவிஸ் ஜெர்மன். என் நினைவில் அது நம்முடைய பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

நான் கோப்பியைக் குடித்து முடிக்கும் முன்பே உர்ஸ் தொடங்கிவிட்டார். "நாதன், நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாத ஆளெண்டு சொல்லுகினம். உண்மையோ?"

"ஓம்."

"அப்ப என்னெண்டு உங்களிட்ட நியாயம் கேக்கிறது?"

"எனக்கு ரெண்டு பக்கத்திலயும் ருசி இல்லை. அதால என்னட்டக் கேக்கலாம்," என்றேன்.

மோனிக்கா சிரித்தார். உர்ஸ் சிரிக்கவில்லை. ஆனால் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே அமர்ந்தார்.

"என்ர காளை கெதியா வளருது. புல்லுத் தின்னுற மாடு மெல்ல வளருது. கூடின காலம் உயிரோட நிண்டால் கூடின மீத்தேன் விடும். ஒரு கிலோ இறைச்சிக்கெண்டு பார்த்தால் என்ர காளைதான் காற்றைக் குறைவாக் கெடுக்குது. பிழையோ?"

"பிழையில்லை," என்றேன்.

மோனிக்காவின் முகம் மாறியது. "அப்ப அந்தச் சோயா எங்க விளையுது? ஆரின்ர காட்டை வெட்டி விதைக்கினம்? அதைத் திண்டு போடுற சாணி இஞ்சதானே நிக்குது? எங்கட நிலம் தாங்காமல் அடுத்த ஊருக்கு ஏத்தி அனுப்புறம். மிச்சம் மழையோட ஏரிக்குப் போகுது. இதுவும் சரியோ?"

"அதுவும் சரி."

"அப்ப நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்?" என்று இருவரும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, அவசரப்படாதீர்கள். இரண்டு பேர் சண்டையில் இருக்கும்போது ஆலோசகரின் வாயில் இருந்து வரும் முதல் வசனத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு மற்றவரை அடிப்பார். எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்மணி இதை நன்றாக அறிந்தவர். மேசையில் இருந்து முடிவு சொல்லாதே, எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போ என்பார். நிலத்தில் நிற்கும்போது மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதைக் குறைத்து நிலத்தைப் பார்ப்பார்களாம். நான் எழுந்து சப்பாத்தைப் போட்டேன்.

மேலே நடந்தோம். சரிவு மூச்சு வாங்கவைத்தது. அதில் உழ முடியாது. உழுதால் முதல் பெருமழைக்கே மண் ஏரிக்குப் போய்விடும். அங்கே வளர்வது புல் மட்டும்தான், அதை மனிதன் தின்ன முடியாது. மாடு தின்னும். கீழே வீதியோரத்தில் சோளம் நின்ற நிலமோ கறுத்த, ஆழமான மண். கோதுமையோ உருளைக்கிழங்கோ போட்டால் மனிதருக்கே நேராகச் சோறு போடக்கூடிய மண்.

"இந்தச் சரிவில மாட்டை விட்டுட்டு வேற என்ன செய்யலாம்?" என்று உர்ஸிடம் கேட்டேன்.

"ஒண்டும் செய்யேலாது."

"கீழ் நிலத்தில?"

அவர் சோளக் காணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னது இவ்வளவுதான். சரிவில் மாடு மேயட்டும், சமநிலம் மனிதருக்கு விளையட்டும். ஆனால் இந்தப் பண்ணையில் இருந்து போகும் இறைச்சி குறையும். முதல் சில ஆண்டுகள் வருமானமும் குறையும். புல்லில் மட்டும் வளர்ந்த இறைச்சிக்குத் தனி லேபல், அதாவது தரச்சான்று, உண்டு, அதற்குக் கூடிய விலை உண்டு, அந்த விலை நிலைக்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். மழை பெய்யாத ஆண்டில் சோளத்தைவிடப் புல்தான் முதலில் கருகும். இதே சொற்களை ஏரிக்கு எதிர்க்கரையில் உள்ள தட்டையான பண்ணையில் நான் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே வேறு சொல்லியிருப்பேன்.

பல வாரம் யோசித்து, தாய்மாடுகளுக்கான கொட்டிலைக் கட்டினார்கள். சமநிலத்தில் கோதுமையும் உருளைக்கிழங்கும் வந்தன. உர்ஸ் மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார். ஆனால் கன்றுகள் தாயோடு சரிவில் ஏறிய முதல் வசந்தத்தில் அவரே வேலியோரம் அதிக நேரம் நின்றார் என்று மோனிக்கா எனக்குச் சொன்னார்.

லேபல் நிறுவனம் கன்றுகளில் ஒரு பகுதியை வாங்கியது. மிச்சத்தை விற்க நான் ஒருவரை அறிமுகப்படுத்தினேன். சூக்கில் ஓர் உணவகத்தில் தலைமைச் சமையல்காரரான சிவநேசன். சாவகச்சேரிப் பிள்ளை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி அந்த அடுப்படியின் பொறுப்புக்கு வந்தவர். பண்ணைக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணை, மாடு வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஒரு மாட்டில முதுகுத்துண்டு எவ்வளவு வரும் சொல்லுங்கோ? வாற ஆக்கள் எல்லாம் அதைத்தான் கேக்கினம். காலையும் கழுத்தையும் ஆர் வாங்கிறது?"

"அதை நீர்தான் யோசிக்க வேணும். முழு மாடாத்தான் தருவினம்."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சரி. மெல்லிய நெருப்பில கன நேரம் அவிச்சுப் பாப்பம். கொழுப்புக் குறைஞ்ச இறைச்சி, அவசரப்பட்டால் சப்பேலாது. ஆனால் அண்ணை, நான் மெனு அட்டையில புல் மட்டும் எண்டு எழுதப்போறன். உங்கட சொல்லை நம்பித்தான் எழுதுறன்."

"ஓம்," என்றேன்.

அந்த "ஓம்" எவ்வளவு கனமானது என்று பிறகுதான் தெரிந்தது.

நல்ல ஆண்டுகள் சில போயின. நம் ஆட்கள் என்னைப் பகிடி பண்ணுவதும் நடந்தது. கோயில் மண்டபத்தில் ஒருவர், "வெட்டப்போற மாட்டுக்கு நீர் சாப்பாட்டுக் கணக்குப் பாக்கிறீரோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "உயிரோட நிக்கிற வரைக்கும் அது சாப்பிட வேணும்தானே அண்ணை," என்றேன். உங்களிடமும் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். கேள்வி நியாயமானது.

பிறகு அந்தக் கோடை வந்தது.

வசந்தத்திலேயே மழை குறைவு. ஆனி பிறந்ததும் வானம் பூட்டிக்கொண்டது. முதல் வெட்டுப் புல் பாதி, இரண்டாம் வெட்டே இல்லை. சரிவு மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமாயிற்று. மேல் மேய்ச்சலில் இருந்த ஊற்று நின்றுபோக, உர்ஸ் டிராக்டரில் தொட்டி கட்டித் தண்ணீர் ஏற்றினார். கிழக்கே எங்கடின் பள்ளத்தாக்கில் மலைமேய்ச்சலுக்கு ஹெலிகொப்டரில் தண்ணீர் போகிறது என்று செய்தியில் காட்டினார்கள். எல்லாப் பண்ணையில் இருந்தும் எனக்கு அழைப்பு வந்தது. ஆவணி மாதம் ஒரு மத்தியானம் மோனிக்கா அழைத்தார்.

"நாதன், மாரிக்கு வச்ச புல்லைக் குடுக்கத் தொடங்கிட்டம்," என்றார். பனி மாதங்களுக்கென்று அடுக்கிய புல் அது, ஆவணியிலேயே எடுத்துவிட்டார்கள். நான் காரை எடுத்தேன்.

போனபோது இருவரும் கொட்டிலின் இரண்டு முனைகளில் நின்றார்கள். மாடுகள் என் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிக் கத்தின. பசித்த மாட்டின் குரல் வேறு. ஒரு முறை கேட்டால் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

மூன்று வழி இருந்தது. பிரான்சில் இருந்து லொறியில் உலர்புல் வாங்கலாம். எல்லோரும் அதையே தேடியதால் விலை எட்டாத உயரத்தில் நின்றது, வரும் என்ற உறுதியும் இல்லை. மாடுகளில் ஒரு பகுதியை உடனே விற்கலாம். எல்லோரும் விற்றுக்கொண்டிருந்ததால் அந்த விலையோ நிலத்தில் கிடந்தது. மூன்றாவது வழி கீழே கண்ணுக்கு முன்னால் நின்றது. கீழ்ப் பண்ணையில் வெர்னர் என்பவர் இன்னும் காளைகளைச் சோளத்தில் வளர்த்தார். அவருடைய சமநிலத்துச் சோளம் அந்த வெயிலிலும் உயிர் பிடித்து நின்றது. போன ஆண்டுத் தீவனமும் அவரிடம் மிச்சம் இருந்தது.

"வெர்னரிட்டச் சோளம் எடுப்பம்," என்றார் உர்ஸ்.

"சோளம் குடுத்தால் லேபல் போகும்," என்றார் மோனிக்கா. "அப்ப என்னத்துக்கு மாறினம்? என்னத்துக்கு இவ்வளவு கடன்?"

"மாடு பசியில நிக்குது, மோனிக்கா! அதுக்கு லேபல் வாசிக்கத் தெரியாது."

மோனிக்காவுக்கு வெர்னரிடம் போவதில் இன்னொரு தடையும் இருந்தது. ஊர்க்கூட்டம் ஒன்றில் அவர் எழுந்து, ஏரியில் பாசி பிடிக்க வெர்னரின் கொட்டில்தான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அன்றில் இருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

உர்ஸ் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "நாதன், சோளத்தை எடுப்பம். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. மழை வந்தால் திரும்பப் புல்லுக்கு வந்திடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

மோனிக்கா இதற்கு உடனே மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார். அவ்வளவு நேர்மையான பெண்ணும் அந்த வேளையில் நான் "சரி" என்று சொல்லிவிட வேண்டும் என்றே விரும்பினார்.

உண்மையில் யாருக்கும் தெரிந்திருக்காது. லேபல் கண்காணிப்புக்கு வருபவர் மாரி முடிந்துதான் வருவார். லேபல் விலை போனால் கடன் தவணை தடுமாறும், அது போனால் கொட்டில், பிறகு நிலம். ஒரு சொல்லில் நான் அவர்களைக் காப்பாற்றலாம். அல்லது அதே சொல்லில் அழிக்கலாம். கொட்டிலுக்கு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

"உர்ஸ், நான் பொலிஸ்காரன் இல்லை. ஆருக்கும் போய்ச் சொல்லமாட்டன். ஆனால் சிவநேசன் என்ர சொல்லை நம்பி எழுதினவர். நீங்கள் மறைச்சால், நான் அவருக்குப் பொய் சொன்னதா முடியும். அதுக்குப் பிறகு இந்த முற்றத்துக்கு நான் வரேலாது," என்றேன். "சோளத்தை எடுங்கோ. மாடு பசியில நிக்கக் கூடாது. எடுத்ததைச் சொல்லிப்போட்டு எடுங்கோ."

"சொன்னால் பாதி வருமானம் போயிடும்!"

"போகும்."

"அது மட்டும் இல்லை," என்று நான் தொடர வேண்டியிருந்தது. இதுதான் சொல்ல மிகவும் கடினமாக இருந்தது. "வெர்னர் தந்தாலும் எல்லாத்துக்கும் காணாது. எல்லா மாட்டையும் அரை வயித்தோட வைச்சிருக்கிறது இரக்கம் இல்லை. இந்தக் காய்ஞ்ச சரிவில இன்னும் மேயவிட்டால் வேர் செத்துப்போம், மழை வரேக்க மண்ணும் போயிடும். அடுத்த வருசமும் புல் இருக்காது. ஒரு பகுதியை இப்பவே விக்க வேணும். விலை இல்லாட்டிலும்."

உர்ஸ் கையில் இருந்த வாளியைச் சுவரில் எறிந்தார். மாடுகள் வெருண்டு விலகின. அவர் வெளியே போய்விட்டார். மோனிக்கா வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். அதன் விளிம்பு நெளிந்திருந்தது.

"வெர்னரிட்ட நான்தான் போக வேணும், என்ன?" என்று கேட்டார்.

"நானும் வாறன்."

"வேண்டாம். நான் சொன்ன சொல்லு, நான்தான் போக வேணும்."

அவர் சரிவில் இறங்கிப் போனதை நான் மேலே நின்று பார்த்தேன். வெர்னர் கொட்டில் வாசலில் நின்றார். நீண்ட நேரம் இருவரும் எட்ட நின்றே பேசினார்கள். அங்கே நடந்ததை மோனிக்கா திரும்பி வந்து சொன்னார். வெர்னர், "ஏரியைப் பற்றி நீங்கள் சொன்னது பொய்யெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல. ஆனால் என்னட்ட வந்து சொல்லியிருக்கலாம்," என்றாராம். அதற்குப் பிறகுதான் தீவனத்தைப் பற்றிப் பேசினாராம். அவருக்கும் அந்த ஆண்டு இறுக்கம்தான். இலையுதிர்காலத்தில் வாங்க இருந்த கன்றுகளில் சிலவற்றை வாங்காமல் விட்டு, அந்தப் பங்குச் சோளத்தைத் தருவதாகச் சொன்னார்.

இதைக் கவனியுங்கள். புல் பண்ணையை அந்த மாரியில் காப்பாற்றியது சோளப் பண்ணை. மோனிக்கா ஏரியைப் பற்றிச் சொன்னதும் உண்மை, வெர்னரின் சோளம் நின்று பிடித்ததும் உண்மை. ஒன்றை நம்புவதற்காக மற்றதை மறக்காதீர்கள்.

அன்று பின்னேரமே நான் சிவநேசனிடம் போனேன். தொலைபேசியில் சொல்லும் விசயம் அல்ல. அடுப்படிப் பின்வாசலில் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் ஏப்ரனில் கையைத் துடைத்தார்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு விளங்கியிராது அண்ணை."

"தெரியும்."

"இறைச்சியை நான் எடுப்பன். ஆனால் மெனுவில அந்தச் சொல்லை எடுக்க வேணும். சொல்லு இல்லாட்டி அந்த விலை குடுக்கேலாது. முதலாளியோட நான் கதைக்கிறன், ஆனால் அவர் விடமாட்டார்." சிறிது யோசித்தார். "விக்கிறதெண்டு சொன்னீங்களே, வயசு போன பசுக்கள், அதில ரெண்டை நான் எடுக்கிறன். அவிச்சுப் பாக்கிறன். அதுக்கு மேல என்னால ஏலாது."

அவரால் அவ்வளவுதான் முடிந்தது. லேபல் நிறுவனம் ஒப்பந்தத்தை அந்த ஆண்டுக்கு நிறுத்தியது. நேராக வீட்டுக்கு வாங்கியவர்களில் சிலர், "பரவாயில்லை, சொன்னதே போதும்," என்றார்கள். சிலர் பதிலே போடவில்லை. உண்மை சொன்னால் எல்லாம் நன்றாக முடியும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். மோனிக்கா முதியோர் இல்லத்தில் முழுநேர வேலைக்குப் போனார். உர்ஸ் மாரி முழுவதும் பனிச்சறுக்கு லிஃப்ட் ஒன்றில் கூலிக்கு நின்றார். காலையும் மாலையும் மாடு, இடையில் லிஃப்ட்.

மாடுகளை ஏற்றிய காலை நான் போயிருந்தேன். போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் விற்கச் சொல்லிவிட்டு, விற்கும்போது வீட்டில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த மாடு போவது என்பதை உர்ஸ் தெரிவு செய்ய மாட்டேன் என்றார். காளைகளை வருடக்கணக்காக லொறியில் ஏற்றிய மனிதர் அவர். "அந்தக் காளையளுக்கு நாங்கள் பெயர் வைக்கேல்ல," என்று மட்டும் சொன்னார்.

மோனிக்காதான் தெரிந்தெடுத்தார். கன்று தங்காதவை, பல் தேய்ந்தவை, கால் நோவுள்ளது ஒன்று. எல்லாவற்றிலும் மூத்த பசுவைக் கயிறு இல்லாமல், கழுத்தில் கையை வைத்து அவரே நடத்திக்கொண்டு போனார். பசு பலகையில் ஏறத் தயங்கவில்லை. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. அவர் எங்கே கூட்டிப்போனாலும் அது போகப் பழகியிருந்தது. லொறிக் கதவு மூடியதும் மோனிக்கா கொட்டிலுக்குள் போய் வைக்கோல் கூட்டத் தொடங்கினார். கூட்ட ஒன்றும் இருக்கவில்லை. உர்ஸ் உள்ளே போய் அவருடைய கையில் இருந்து தும்புத்தடியை மெதுவாக வாங்கினார். நான் காருக்குள் ஏறி இருந்தேன். கண்ணீர் மறைத்ததால் உடனே ஓட்ட முடியவில்லை.

புரட்டாசியில் மழை வந்தது. சரிவில் வேர் சாகவில்லை. அடுத்த ஆண்டு லேபலும் திரும்பியது, பழைய அளவுக்கு இல்லை. இப்போது அவர்கள் நல்ல ஆண்டில் புல் தாங்கக்கூடியதைவிடக் குறைவாகவே மாடு வைத்திருக்கிறார்கள். மிஞ்சும் புல்லை உலர்த்தி மேல்தளத்தில் அடுக்குகிறார்கள். வெர்னர் தன் காளைகளைக் கொஞ்சம் குறைத்தார். அது ஏரிக்காகவா, கன்று விலைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக அங்கே போனபோது உர்ஸ் மேய்ச்சலில் மின்வேலியை நகர்த்திக்கொண்டிருந்தார். கம்பியைச் சுற்றியபடியே கேட்டார்.

"நாதன், ஒண்டு கேக்கிறன். நாங்கள் முந்தி வித்த இறைச்சியில பாதி கூட இப்ப விக்கேல்ல. கீழ சூக்கில இருக்கிற ஆக்கள் அந்த அளவுக்குச் சாப்பிடுறதைக் குறைச்சவையோ? இல்லையெண்டால் எங்கயோ ஒரு நாட்டில ஆரோ எங்களுக்காகக் காளை வளக்கினம். காட்டை வெட்டித்தான் வளக்கினமோ தெரியாது. அப்ப நாங்கள் செய்தது என்ன?"

இத்தனை ஆண்டு வேலை செய்தவன் நான். சொல்லக்கூடிய பதில்கள் பல என்னிடம் இருந்தன. சோயா வரவில்லை, சாணி ஏரிக்குப் போகவில்லை, கீழ் நிலத்தில் கோதுமை நிற்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

"எனக்குத் தெரியாது உர்ஸ்," என்றேன்.

அவர் தலையாட்டி, கம்பியின் மற்ற முனையை என்னிடம் நீட்டினார். "அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ," என்றார். பிடித்தேன். மாடுகள் புதுப் புல்லுக்கு நகர்ந்தன.